இங்கிலீஷை விட்டாள்... சீட்டைப் பிடித்தாள்

போன திங்கட்கிழமை காலை, தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தியை முதல் நாள் காலேஜுக்கு பஸ் ஏற்றி அனுப்பினேன். தோளில் புதுப் பை, கையில் டிபன் பாக்ஸ், முகத்தில் லேசான பயம்.

மகளா என்று கேட்காதீர்கள். எனக்கு மகன் மட்டும்தான். அவன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். நான் ஏற்றிவிட்டது என் மனைவி முத்துலட்சுமியை! திருநெல்வேலியில் எம்.சி.ஏ. முதல் வருடம். வயது நாற்பத்துமூன்று.

முத்துலட்சுமி அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கணிதம். கடைசிப் பரீட்சை எழுதிய மை காய்வதற்குள் கல்யாணம். மாப்பிள்ளை... அடியேன்தான். அப்புறம் வீடு, பிள்ளை, பிள்ளையின் படிப்பு. மகன் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. ஒருநாள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கணக்கு, ரீசனிங், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் என்று நாலு பிரிவு. தப்பாக எழுதினால் மார்க்கைக் கழிப்பார்கள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. அப்படியானால் எதைப் படிப்பது?

கோச்சிங் சென்டருக்குப் போனோம். எங்கள் மகனைவிட நாலைந்து வயது மூத்த ஒரு சார் இருந்தார். காலேஜை விட்டு இத்தனை வருடம் ஆனவர்கள் கணக்கைத் தொடவே கூடாது, இங்கிலீஷையும் ரீசனிங்கையும் பிடித்துக்கொண்டால் கரை ஏறிவிடலாம் என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். பேங்கில் இங்கிலீஷ் கடிதம் எழுதியே காலத்தை ஓட்டுகிறவன் இல்லையா? அன்றைக்கே இங்கிலீஷ் வாத்தியாராக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

காலையில் பத்து வார்த்தை, சாயங்காலம் கிராமர். மூன்று வாரம் நடத்தினேன். பிறகு அவள் ஒரு மாதிரித் தேர்வு எழுதினாள். இங்கிலீஷில் சரியாக எழுதியதைவிடத் தப்பாக எழுதியது அதிகம். கழித்துக் கழித்து, கடைசியில் அந்தப் பிரிவே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

அன்று முழுக்க அவள் அந்த விடைத்தாளையே புரட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. இத்தோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை காபியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

“இங்கிலீஷை விட்டுட்டேன். கணக்கைத்தான் முழுசாப் படிக்கப்போறேன்.”

இத்தனை வருஷமாச்சே, எல்லாம் மறந்திருக்குமே என்றேன்.

“மறந்தது திரும்பப் படிச்சா வந்துரும். தெரியாததை இந்தக் கொஞ்ச நாள்ல எப்படிப் படிக்கது?”

நான் கிராமர் புத்தகத்தை மூடிவைத்தேன். வாத்தியார் வேலையும் போனது.

மாடி அறையில் உட்கார்ந்தாள். பரணிலிருந்து பழைய கணக்குப் புத்தகங்கள் இறங்கின. முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் வேகம் வந்தது. நான் சாப்பிடக் கூப்பிட்டால் ‘இந்தா முடிஞ்சிரும்’ என்று குரல் மட்டும் வரும். ஆள் வரமாட்டாள். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்துக் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. சாரல் விழுந்தால் அருவியில் தண்ணீர் வரும், எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள். விருதுநகரிலிருந்து என் அக்கா போன் செய்தாள் — குடும்பத்தோடு ஒரு வாரம் தங்க வருகிறாளாம். நான் விழித்தேன். முத்துலட்சுமி போனை வாங்கினாள்.

“வாங்க மதினி. சமைக்க உங்க தம்பி இருக்காவ. பரீட்சை முடியுத வரைக்கும் நான் மாடிலதான் இருப்பேன்.”

அக்கா போனைப் படக்கென்று வைத்தாள்.

ஆனாலும் அக்கா வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். என் சாம்பாரை ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தவள், அடுத்த வேளையே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளே டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நெடுநேரம் கீழே வரவில்லை. அறை வாசலில் நின்று, இவள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

பரீட்சை அன்று, எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்ப, அக்கா மட்டும் எங்களோடு திருநெல்வேலிக்கு வந்தாள். சென்டர் வாசலில் செக்யூரிட்டி முத்துலட்சுமியை மறித்தார். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை, பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்றார். முத்துலட்சுமி ஹால் டிக்கெட்டைத் தேடுவதற்குள் அக்கா முன்னால் போய் நின்றாள்.

“பிள்ளையே இவதான். உள்ள விடுங்க.”

அவர் வழிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வெளியே வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கணக்கில் ஒன்றைக்கூட விடவில்லையாம். ரீசனிங், கம்ப்யூட்டரில் முடிந்தவரை. இங்கிலீஷில் நிச்சயமாகத் தெரிந்த நாலைந்து மட்டும். மிச்சத்தைத் தொடவே இல்லை.

ரிசல்ட் வந்தது. நல்ல ரேங்க். கேட்ட காலேஜில் சீட்! கோச்சிங் சென்டர் வாசலில் இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. இருபது, இருபத்தோரு வயதுப் பட்டாளத்துக்கு நடுவில், பட்டுப்புடவையில் சிரிக்கிறாள் என் மனைவி. ‘எங்கள் மாணவி’ என்று போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டுப் போகட்டும்.

எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எதை விடலாம் என்பது மட்டும் எழுதப்போகிறவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

நேற்று அக்கா போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதப்போகிறாளாம். எந்தப் பாடத்தை முதலில் எடுக்கலாம் என்று யோசனை கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“ஏலே, உன்கிட்ட யாரு கேட்டா? போனை அவகிட்ட குடு” என்றாள்.