நர்ஸ் மங்களத்தின் இருபத்து நாலு வயது

நேற்றுக் காலை வார்டில் கட்டுத்துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். மங்களத்தின் அப்பா வந்து நின்றார். டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். "போயிட்டாம்மா," என்றார்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். வயிற்றுவலி என்று அவள் முதலில் சொன்னபோது நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வலிக்காதவர் பினாங்கில் யார்? "ரெண்டு வாய் போனாலே நெறஞ்சிடுதுலா, அக்கா," என்பாள். குடற்புண் என்று சோடா மாவு கொடுத்தோம். கலக்கிக் கொடுத்தது நான்தான்.

வாந்தி நிற்கவில்லை. எக்ஸ்ரே பிலிமும் தீர்ந்துபோயிருந்தது. புற்றாக இருக்குமோ என்று முதலில் கேட்டவள் அவளேதான். "இந்த வயசுல இரைப்பையில புற்று நான் பார்த்ததே இல்ல," என்றார் சர்ஜன்.

"அப்ப தொறந்து பாருங்க, டாக்டர். என்னன்னு தெரியாம சாக எனக்கு மனசில்ல."

முழு மயக்கம் கொடுக்க மருந்து இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். விழித்தபடியே கிடந்தாள்; நான் தலைமாட்டில் நின்றேன். இரைப்பை முழுவதும் செருப்புத் தோல் போல விறைத்துக் கிடந்தது. வெட்டி எடுத்துத் தைக்க நல்ல இடம் மிச்சமில்லை. சர்ஜனின் கை நின்றுவிட்டது.

"டாக்டர் பேசலியே. நீங்க சொல்லுங்க, அக்கா."

"ஆமாம்மா, அதுதான்," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். சிறுகுடலில் ஒரு குழாயை வைத்துத் தைத்தார்கள். அதன் வழியே கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஏழு வாரம் வைத்திருந்தோம். அவள் அப்பா தீவின் அந்தப் பக்கம் பாலிக் புலாவ் வரை போய் நான்கு முட்டை கொண்டுவந்தார். அதையும் அடித்து ஊற்றினோம். பிறகு வலிக்குப் போடும் மார்பின் மருந்தும் தீர்ந்தது. வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

வண்டியில் ஏற்றியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னமாச்சும் செய்யுங்க அக்கா. எனக்குப் போக ஆசையில்ல. வாயால ஒருவாட்டி சோறு திங்கணும்." அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

நேற்று அவள் வீட்டு வாசலில், தைரியமாகப் போய்விட்டாள் என்று பலர் சொன்னீர்கள். அப்படிப் போகவில்லை அவள். வாழவேண்டும் என்று கெஞ்சினாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கெஞ்சல்தான். அதைத் தைரியம் என்று மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.