தாளம் போட்ட கை

ஓசூருக்குக் குடிவந்த புதிதில், என் தனிமையைக் கண்ட மகன் காலடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்றை வாங்கி என் வலக்கையில் கட்டிவிட்டான். புதிதாக நடக்கத் தொடங்கியவர்கள் அன்றாடக் காலடிக் கணக்கைப் பகிர்ந்து போட்டியிடும் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டான். அங்கேதான் செல்வி எனக்குத் தோழியானாள். வேப்பனப்பள்ளிப் பெண், இங்கே தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை.

"அம்மா, இன்னிக்கும் நீங்கதான் மொதல்ல! உங்கள முந்தாம நான் உடமாட்டேன்" என்று தினமும் குரல்பதிவு அனுப்புவாள். மாலையில் சற்றே நடப்பவள் நான்; ஆனாலும் கணக்கில் முதலிடம். எல்லாம் இறையருள் என்றே நம்பி மகிழ்ந்தேன்.

ஒருநாள் அவள் குரல் தளர்ந்திருந்தது.

"ஷிப்டு முடிஞ்சு நடந்தேங்கம்மா. கம்பெனி கேட்டு கிட்டயே மயங்கி உழுந்துட்டேன். பரவால்ல, நாளைக்குப் பாருங்க!"

மறுநாள் காலை அவள் நலம் வேண்டிப் வழக்கமான பூசையில் அமர்ந்து, அன்று கூடுதல் நேரம் தாளம் தட்டிப் பதிகம் பாடினேன். நடுவில் கடிகாரம் அதிர்ந்தது. அன்றைய நடையை முடித்துவிட்டேன் என்று பாராட்டியது. சம்மணமிட்ட கால்கள் அசையவே இல்லை. இறைவன் திருவடியைப் பாடிய தாளத்தை, இத்தனை நாளும் அது என் காலடியாக எண்ணியிருக்கிறது!

உடனே அவளை அழைத்துச் சொன்னேன்.

"அப்போ, நான் உங்க பாட்டுகூடவாம்மா போட்டி போட்டேன்?"

சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. இப்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டே பாடுகிறேன். ஆயினும் ஒவ்வொரு தாளத்திலும், களைத்த இரு கால்கள் என்னைத் துரத்தி வருவது கேட்கிறது.