எல்லாக் கையும் தூக்கிய வகுப்பு

"உங்க அக்கா பிள்ளைங்களுக்குச் சாடை சொல்லிக் குடுத்துத்தானே பரீட்சையில மாட்டிக்கிட்டாங்க?"

ஜெராக்ஸ் கடைக்காரர் தாளை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில்தான் கேட்டார். அன்றைக்கு நான் சில்லறையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆமாம் என்றால் அக்காவுக்குச் செய்யும் துரோகம். இல்லை என்றால், பின்னே என்னதான் நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். அக்கா வாயைத் திறந்து முழுசாகச் சொல்ல வெகுநாள் ஆயிற்று. இப்போது தெரியும்.

அக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது அவளைவிடத் தலைகால் புரியாமல் நடந்தவர் அப்பா. அவர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். வெட்டி மீந்த அட்டைத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு, நல்லதாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். "டீச்சரம்மா, இது நீலம், இது மஞ்சள். ஓரம் பிசிறா இருந்தா சொல்லு, வேற வெட்டித் தரேன்" என்பார்.

"மனுஷன் படுக்கக் கட்டில்ல இடமில்ல. டீச்சரம்மாவோட அட்டைதான் காலை நீட்டிப் படுத்திருக்கு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு துண்டைக்கூடத் தள்ளி வைக்கமாட்டாள்.

முதல் வருடம் பெரும்பாலும் புத்தகம்தான். குழந்தை எப்படிக் கற்கிறது, எதனால் மறக்கிறது, கரும்பலகையில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது. அதெல்லாம் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வந்தபோதுதான் திணறினாள். கூடப் படிக்கும் பெண்களே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். வளர்ந்தவர்கள் பிள்ளைகளாக நடித்தால் நிஜப் பிள்ளைகளே தேவலாம் என்றாகிவிடும். ஒருத்தி குறட்டை விடுவாள். ஒருத்தி "மிஸ், இவ என் பென்சிலத் தின்னுட்டா" என்பாள். அக்கா கேள்வி கேட்டால் ஒரு கையும் எழாது. உள்ளங்கை வியர்வையில் சாக்பீஸ் ஊறிப்போகும்.

அப்போதெல்லாம் முதலில் கை தூக்கியவள் கோந்து. எந்நேரமும் பையில் கோந்து பாட்டிலோடு திரிந்ததால் வந்த பெயர் அது. அக்காவோடு ஒட்டிக்கொண்டே அலைந்ததால் நிலைத்தும்விட்டது. அவள் கை எழுந்தால் மற்றவர்கள் கையும் தயங்கித் தயங்கி எழும். அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா பேசவே பழகினாள்.

"நீ மட்டும் இல்லன்னா நான் மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேண்டி" என்றாள் ஒருநாள்.

"போயிருந்தா உன் பேனாவாவது எனக்கு மிஞ்சியிருக்கும்" என்றாள் கோந்து.

இரண்டாம் வருடம் இருவரையும் ஒரே பள்ளிக்கு, ஒரே ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். கோந்து அறிவியல் எடுத்தாள், அக்கா கணக்கு. ஒருத்தி பாடம் நடத்தும்போது மற்றவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கண்டதைக் கவனிப்பு நோட்டில் எழுத வேண்டும். பயிற்சியின் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அந்த ஒரு பாடத்தில் தேறினால்தான் டீச்சர். தவறினால் ஒரு பருவம் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து பயிற்சி.

தேர்வுக்கு முந்தின மாலை கோந்து வகுப்பிலேயே தங்கினாள். "சார்ட் ஒட்டணும், பிள்ளைங்க கூட இருக்காங்க, நீ கிளம்பு. உனக்குத்தான் பஸ் கிடைக்காது" என்று அக்காவை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் கோந்துவின் பாடம் முதலில். வேரின் வேலை என்ன என்று கேட்டாள். வகுப்பே கை தூக்கியது. அவள் கைகாட்டிய பிள்ளையெல்லாம் பட்டென்று பதில் சொன்னது. தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து அக்காவுக்குத் தெரிந்தது கைகளின் காடு மட்டும்தான். தோழியை நினைத்துப் பூரித்து, "வகுப்பு முழுவதும் ஆர்வத்துடன் பங்கேற்றது" என்று நோட்டில் எழுதினாள்.

அடுத்து அவள் முறை. அப்பா வெட்டித் தந்த அட்டைகளை வைத்துப் பின்னம் நடத்தினாள். அரைக்கு நீலம், காலுக்கு மஞ்சள். குரல் நடுங்கவில்லை.

"அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

எல்லாக் கைகளும் எழுந்தன. அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜன்னலோரப் பையனைக் கேட்டாள். அவன் எழுந்து திருதிருவென்று விழித்தான். பரவாயில்லை என்று உட்காரவைத்து, அடுத்தவனைக் கேட்டாள். அவனும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதாக, கையை உயரத் தூக்கியிருந்த இரட்டைப் பின்னல்காரியைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் எழுந்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"மிஸ், நான் இடது கைதானே தூக்குனேன். என்னை ஏன் கேக்குறீங்க?"

அக்கா கைகளைப் பார்த்தாள். சில வலது, பல இடது. தெரிந்தவர்களுக்கு வலது, தெரியாதவர்களுக்கு இடது. அவளுக்கு மட்டும் தெரியாமல் வகுப்பு முழுக்கப் பாடமாகியிருந்தது.

தேர்வாளருக்கும் புரிந்துவிட்டது. "பாடத்துக்கு முன்னாடி இதைத்தான் நடத்துனீங்களாம்மா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"இல்ல சார். எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாமலே உங்க பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க. நல்ல டீச்சர்தான்."

கூட வந்திருந்த கல்லூரிப் பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளைங்கள விசாரிக்க வேண்டாம் சார். போன மானமே போதும்" என்றார்.

அக்கா கடைசி பெஞ்சைப் பார்த்தாள். முதல் கை அங்கிருந்துதான் எழும் என்று அவளுக்குப் பழக்கம். "நீ சொல்லுடி" என்றாள், எல்லார் முன்னாலும்.

கோந்து எழுந்து நின்றாள். "எனக்கு எதுவும் தெரியாது மேடம்" என்றாள். உட்கார்ந்து மறுபடி எழுதத் தொடங்கினாள்.

"மாணவர்கள் விடை தெரியாமலே கை உயர்த்தினர். ஆசிரியை முன்தயாரிப்புச் செய்ததாகத் தெரியவில்லை" என்று அவள் எழுதியதைப் பிறகு அக்காவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா தேறவில்லை.

கை கழுவும் குழாயடியில் அக்கா அவளைப் பிடித்தாள்.

"முந்தின நாளே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா நீ விட்டிருப்பியா? இதெல்லாம் ஏமாத்துன்னு அப்பவே அழிச்சிருப்ப. என் பாடத்தோட முடிஞ்சிரும், உன் பாடத்துல அதுங்க மறந்திரும்னு நினைச்சேன்."

"மறக்கல. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். உங்க அப்பா இன்னொரு தரம் படிக்க அனுப்புவாரு. எங்கண்ணன் இதுக்கு மேல ஒருநாள்கூட விடமாட்டான்." குழாயை மூடிவிட்டுத்தான் போனாள், தண்ணீர் வீணாகக் கூடாது என்பதுபோல.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "நீ சொல்லிக் குடுக்கலதானே?" என்றார்.

"இல்லப்பா."

"சரி" என்றார். அந்தச் சரி கொஞ்சம் தாமதமாக வந்தது. அக்கா அன்று அழுததெல்லாம் அந்தத் தாமதத்துக்குத்தான்.

கல்லூரியில் அவளுக்கு இடதுகை டீச்சர் என்று பெயர் விழுந்தது. பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "இருக்கலாம்மா. ஆனா அவ தேறிட்டா, இனி அதைக் கிளற முடியாது" என்றார். கோந்து ஒரு பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில், "அந்தப் பின்ன அட்டை சும்மாதானே கிடக்கு, குடேன்" என்று செய்தி அனுப்பினாள். அக்கா பதில் போடவில்லை. அட்டைகளை எடுத்து ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள்.

ஒரு பருவம் கழித்து, வேறு பள்ளியில், வேறு தேர்வாளர் முன்னால் அக்கா தேறினாள். இப்போது சின்னப் பள்ளி ஒன்றில் கணக்கு நடத்துகிறாள். நன்றாக நடத்துகிறாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வகுப்பே கை தூக்கினால் அவளுக்குச் சந்தோஷம் வருவதில்லை, எது வலது, எது இடது என்றுதான் முதலில் பார்க்கிறாள். உண்மையாகவே பதில் தெரிந்து, ஆசையாகக் கை நீட்டும் பிள்ளையையும் ஒரு நொடி சந்தேகமாகப் பார்க்கிறாள். "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா அந்த ஒரு நொடி என் கையில இல்ல" என்றாள். கோந்து எடுத்துக்கொண்டு போனது ஒரு பருவத்தை அல்ல. இதைத்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர் யாராவது இருந்தால், தயவுசெய்து அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அது போய்ச் சேர வேண்டும்.