விழுவதற்கு ஒரு மெத்தை

தச்சர் வாசல் கதவை இழைக்கிறார். மரத்தூள் வாசனை கூடத்தைத் தாண்டி அடுக்களைக்குள் வருகிறது; அதன் பின்னாலேயே மகளும் செல்போனோடு வருகிறாள். பாலஸ்தீனத்து ஏழைப் பிள்ளைகளுக்கு சர்க்கஸ் சொல்லிக்கொடுக்கிறார்களாம், அதற்குப் பணம் திரட்டுகிறார்களாம். "நாமளும் அனுப்பலாமாம்மா?" திரையில் ஒரு சிறுமி கயிற்றின் மேல் கைகளை விரித்து நிற்கிறாள். என் கண் போனதோ அவள் காலுக்கு வெகு கீழே விரித்திருந்த நீல மெத்தைக்கு. அவ்வளவுதான், எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது பாலக்கரையில் அத்தா மர அறுவை மில் வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்து ஆற்றோர மைதானத்தில் எப்போது சர்க்கஸ் இறங்கினாலும், வளையத்துக்குள் கொட்ட எங்கள் மில்லிலிருந்துதான் மூட்டை மூட்டையாக மரத்தூள் போகும். அத்தா காசு வாங்கமாட்டார். பதிலுக்கு ஐந்து பாஸ் வரும்: அத்தா, அம்மா, அண்ணன்கள் இரண்டு பேர், நான். ரோஜா நிறத்தில் சிங்கத்தலை அச்சிட்ட பாஸ். யானை மிதிக்கப்போகும் தூளை அதற்கு முன்னமே மிதித்தவள் என்ற கர்வம் எனக்கு.

அந்தி சாய்ந்ததும் சர்க்கஸ்காரர்களின் பெரிய விளக்கு வானத்தில் சுற்ற ஆரம்பிக்கும். ராஜகோபுரத்தின் தோளைத் தொட்டு, ஆற்றைத் தாண்டி, மலைக்கோட்டையை ஒருமுறை தடவி, எங்கள் மாடிவரை வந்து, என் பாவாடையில் விழப்போவதுபோல் நின்று, விழாமல் திரும்பிப் போகும். பார் விளையாடும் பெண்கள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் சின்ன மாமா குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் பாலஸ்தீனக்காரர். அவருடைய தங்கை அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பிள்ளைகளுக்குக் கயிற்றில் நடக்கப் பழக்குகிறாளாம். கயிறு இருக்கிறதாம், மெத்தை இல்லையாம். கொண்டுவந்ததையெல்லாம் கம்பளியும் அத்தருமாக உறவுக்கு வாரிக்கொடுத்துவிட்ட மாமாவின் கை காலி. "பாஸைக் குடுங்க மச்சான், சர்க்கஸ் ஆபீஸ்ல சீல் வச்சுட்டு வரேன்" என்று அத்தாவிடம் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம் நடக்கும். யாராவது நேர்ந்துகொண்டு கொடுத்த முட்டை, சேவல், தேங்காய். பாங்கு சொல்லும் மோதினார்தான் ஏலமும் விடுவார். எடுத்தவர் தாராள மனசுக்காரராக இருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை நாலு தடவை விலைபோனதை வாசல் கேட்டில் தொங்கியபடி பார்த்திருக்கிறேன். அன்று மோதினார் கையில் முட்டை இல்லை. ரோஜா நிறக் காகிதங்கள்.

"பாலஸ்தீனத்துப் புள்ளைங்களுக்காக, வாங்க, கேளுங்க!"

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசியாக வந்த அத்தா, ஏலத்தில் இருப்பது என்னவென்றே கேட்கவில்லை. கறிக்கடைக்காரர் கேட்கிறார் என்பது போதும், அவருக்கு மேலே அத்தா கேட்பதற்கு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைக்கு வந்த பிறகுதான் சிங்கத்தைப் பார்த்தார்.

"சொந்தப் பாஸை சொந்தக் காசுக்கு எடுத்த ஒரே ஆளு நீங்கதான் பாய்!" என்றார் கறிக்கடைக்காரர்.

முற்றமே சிரித்தது. நான் கேட்டின் மேல் பறந்துகொண்டிருந்தேன். பாஸ் எங்களுக்கே வந்துவிட்டதே! அத்தா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். பிறகு அத்தா, என் பக்கம் திரும்பாமலேயே, காகிதங்களை மோதினாரிடம் திருப்பி நீட்டினார்.

இரண்டாம் முறை கறிக்கடைக்காரர் எடுத்தார். அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏழு பிள்ளைக்காரர்.

அன்று சாயங்காலம் மில்லில் மரத்தூள் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தேன். விளக்கு வந்தது, தடவியது, போனது. பேண்டுச் சத்தம் அவ்வளவு தூரம் வராது. நானே வாயால் வாசித்துக்கொண்டேன். அம்மா தேடிவந்து, "உன் சீட்டுல அந்த ஊருப் புள்ள ஒண்ணு உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கடி" என்றாள். நினைத்துக்கொண்டேன். நினைத்தபடியே அந்தப் புள்ளையை நறுக்கென்று கிள்ளினேன்.

மாமாவோடு மூன்று நாள் பேசவில்லை. ஜங்ஷனில் ரயில் புறப்படுகிற நேரம், ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தார்.

"இன்னும் கோவமா புள்ள? உன் பாஸுலதான் அங்க மெத்தை வாங்கப்போறாங்க. மேலேருந்து விழுந்தாலும் அடிபடாது."

விழப்போகிறோம் என்று சொல்லியே காசு கேட்பவர்களும் உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நான் பார்த்த சர்க்கஸில் யாரும் விழுந்ததே இல்லை. ரயில் நகர்ந்தது. மாமாவின் விரல் நழுவியது. கூடவே ஓடினேன்.

"விழுறதுக்கு எதுக்கு மாமா மெத்தை? அந்தப் புள்ளைங்கள விழாம நடக்கச் சொல்லுங்க!"