தையல்காரர் கியர் ஆயில் மாற்றிய கதை

தன் கையால் ஆகாத வேலை உலகத்தில் கிடையாது என்று நம்புகிற ஆட்களில் நம் தையல்காரர் முதல் வரிசையில் இருப்பவர். வீட்டுக் குழாயை அவரே பழுது பார்த்தார். அன்றிலிருந்து அதை மூடுகிற பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வருகிறது. மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். காற்று வருகிறது, கூடவே ஒரு முனகலும் வருகிறது. தலைமுடியையும் அவரே வெட்டிக்கொள்கிறார். பின்பக்கம் அவர் கண்ணுக்குப் படாது என்பதால் அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதே மனிதர், கடைக்கு வருகிற யாராவது "பட்டன்தானே, வீட்டுலயே தைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். தொழில் தெரிந்தவனிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று வழிமறித்து நின்று உபதேசம் செய்வார். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன என்பது அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'பிரேக் டீச்சர்'. கார் வருவதற்கு முன்னால் "பிரேக், பிரேக்" என்கிற அவள் குரல் வந்துவிடும் என்பதால் வந்த பெயர் அது. சின்னக் கார்தான், பழசும்கூட. பெட்ரோல் செலவு அவளுடையது, ரிப்பேர் செலவு அவருடையது என்று கார் வாங்கிய அன்றே இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். பேசும்போது தையல்காரருக்கு அது லாபமாகத்தான் பட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஒரு கியர்பாக்ஸை என்ன பாடு படுத்துவார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ரிப்பேர் என்றால் மச்சினன்தான். டீச்சரின் தம்பி மூன்று தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்தான். அவனுக்கும் தையல்காரருக்கும் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்துக்கொடுத்தவர் இவர். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டான். கோட்டு சரியாகத்தான் இருக்கிறது, ஸ்பேனர் பிடித்துப் பிடித்து உன் தோள்தான் ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்று இவரும் அதே அத்தனை பேர் நடுவில் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு சரி. அதன்பின் ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் டீச்சர் வழியாகத்தான். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். சொன்னது காதில் நன்றாக விழுந்திருக்கும். இருந்தாலும் அவள் வாயால் ஒருமுறை வந்தால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

காரைப் பட்டறைக்கு எடுத்துப்போவது, எடுத்துவருவது, எவ்வளவு ஆயிற்று என்று தையல்காரரிடம் சொல்லி வாங்குவது எல்லாமே டீச்சர்தான். ஒவ்வொரு தடவையும் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, சொந்த அக்காவிடமே இப்படிக் கறக்கிறானே, இவனெல்லாம் ஒரு தம்பியா என்று தையல் மெஷினைப் பார்த்துப் புலம்புவார். டீச்சர் காதில் வாங்காதவள்போல உள்ளே போய்விடுவாள்.

இரண்டாவது கியர் கரகரவென்று முரண்டு பிடிக்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். கியர் ஆயில் மாற்றவேண்டும் என்று தம்பி சொன்னதாக டீச்சர் வந்து சொன்னாள். ஆகும் தொகையையும் சொன்னாள். தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய எண்ணெயைக் கீழே விட்டுப் புது எண்ணெயை மேலே ஊற்றுகிற வேலைக்கு இவ்வளவா? ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்தபடியே போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். இந்த வீடியோக்காரர்கள் ஆரம்பத்தில் வணக்கமும் வளவளப்புமாகத்தான் இருப்பார்கள் என்று முன்பாதியைத் தள்ளிவிட்டுப் பின்பாதியை மட்டும் பார்த்தார். கீழே ஒரு போல்ட், அதைத் திறந்தால் பழையது வடியும். பக்கவாட்டில் கொஞ்சம் மேலே இன்னொரு போல்ட், அதன் வழியாகப் புதியது போகும். இதைச் சட்டையில் ஒரு பை வைப்பதைவிடச் சுலபமான வேலை என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கடைத்தெருவுக்குக் கிளம்பியதும் வேலை ஆரம்பமாயிற்று. முற்றத்தில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார், லைனிங் துணி ஊறவைக்கிற தொட்டியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். கீழ் போல்ட் மறுபேச்சில்லாமல் கழன்றது. கறுப்பு எண்ணெய் முழுக்க வடிந்து தொட்டியில் இறங்கியது. அதன் நாற்றம் மூக்கில் ஏறியபோதுகூட வெற்றியின் வாசனையாகத்தான் அவருக்கு இருந்தது. கீழ் போல்ட்டைத் துடைத்துத் திருப்பி முடுக்கிவிட்டு, மேல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அது அசையவில்லை. காலை மடக்கி உதைத்தார். ஸ்பேனர் வழுக்கியது. இன்னும் இரண்டு உதை விட்டதில் போல்ட்டின் விளிம்பெல்லாம் மழுங்கி, பிடிக்க இடமில்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது.

பழைய சட்டையைச் சின்னதாக்கக் கொடுத்தால் முதலில் பிரித்துப் போட்டுவிடுவார், அப்புறம்தான் எப்படித் தைப்பது என்று யோசிப்பார். தொழிலில் அந்தப் பழக்கம் அவரைக் கைவிட்டதே இல்லை. பிரித்த சட்டை தைக்கிறவரைக்கும் பேசாமல் கிடக்கும். எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸ் அப்படிக் கிடக்காது. ஓட்டினால் பல்லோடு பல் தேய்ந்து மொத்தமாகப் போய்விடும். அடியில் மல்லாந்து கிடந்தபடியே அவருக்கு இது மெல்ல விளங்கிற்று.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டீச்சரிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற பல் டாக்டருக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிரைவிங் டெஸ்ட். இந்தக் காரில்தான். பிறர் பல்லைக் கண்ணிமைக்காமல் பிடுங்குகிற அந்த மனிதர், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவை கார் வரவில்லை என்றால் அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். போவதோடு நில்லாமல் தன்னிடம் வருகிற நோயாளிகள் எல்லோரிடமும் சொல்லுவார். வாயைத் திறந்தபடி கிடக்கிறவர்கள் மறுத்துப் பேசவும் முடியாது. டீச்சர் பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் போய்விடும்.

டீச்சர் திரும்பி வந்தபோது காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று கால்கள் பக்கமிருந்து தகவல் வந்தது. கிளட்ச்சை மிதிக்காமலே மிதித்தேன் என்று சொல்லுகிற ஆட்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளிடம் இது எடுபடுமா? குனிந்து ஒரே கேள்விதான் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். வேறு மெக்கானிக் யாராவது என்று இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை எவன் கடை திறந்திருக்கிறான் என்று கேட்டுவிட்டு அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

அவன் பட்டறையில், வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழியின்மேல் எஞ்சினைக் கழற்றிய வேன் ஒன்று நின்றதால், காரைத் தள்ளிக்கொண்டு போயும் பிரயோசனமில்லை. கருவிப் பெட்டியோடு அவனே வந்து சேர்ந்தான். தொட்டியைப் பார்த்தான், போல்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. மேல் போல்ட் கழலுதான்னு பாத்துட்டுத்தான் கீழ் போல்ட்டுல கை வைக்கணும். இது பட்டறை கூட்டுறவனுக்குக்கூட தெரியும்."

மூன்றடி தள்ளி நின்ற தையல்காரரிடம் டீச்சர் திரும்பினாள். "கஷ்டப்பட்டு வேலை பாத்திருக்கீங்களாம்" என்றாள். அவன் சொன்னது விழ எனக்கும் காது இருக்கிறது என்று அவனிடம் சொல்லச் சொன்னார் தையல்காரர். அவள் தம்பியிடம், மாமா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என்றாள்.

வேலையைத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. மச்சினன் குழிக்குள் இறங்கி நின்றே பழகியவன். இத்தனை வருடத்தில் அவனுக்குத் தொப்பை நன்றாக விழுந்திருந்தது. ஸ்டாண்டு கொடுத்த உயரத்தில் அவன் தலை போயிற்று, தோள் போயிற்று, அதற்குமேல் போகவில்லை. இழுத்து வெளியே எடுக்கவே டீச்சர் காலைப் பிடிக்கவேண்டியதாயிற்று. தையல்காரருக்கு அன்று காலையிலிருந்து கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரே அடியில் நுழைந்தார்.

போல்ட்டைச் சுற்றி மூடுகிற பாக்ஸ் ஸ்பேனரில் கொஞ்சம் சின்ன அளவை எடுத்துச் சுத்தியலால் அடித்து மழுங்கிய போல்ட்டின் மேல் ஏற்றவேண்டும், கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகித் திருப்பவேண்டும் என்று மச்சினன் அக்காவிடம் சொன்னான். அக்கா குனிந்து காருக்கு அடியில் சொன்னாள். இடம் இல்லை என்று அடியிலிருந்து வந்த பதிலை நிமிர்ந்து தம்பியிடம் சொன்னாள். குனிந்தும் நிமிர்ந்தும் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. போல்ட் கழன்றுவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது.

இனிமேல் எண்ணெய் ஊற்றவேண்டும். மச்சினன் மேலே நின்று புனல் வைத்து நீளக் குழாய் வழியாக ஊற்றுவான். தையல்காரர் கீழே குழாயை ஓட்டையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் விளிம்புக்கு வந்ததும் 'போதும்' என்று சொல்லவேண்டும். அவர் சொல்வதை டீச்சர் வாங்கி அவனிடம் சொல்லுவாள். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. பாதி ஊற்றும்போது அவள் போன் அடித்தது. பல் டாக்டர். கார் தயாராக இருக்கிறதா, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்று கவலையோடு கேட்டார். கார் பளபளவென்று நிற்கிறது டாக்டர் என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள்.

எண்ணெய் ஏறிற்று. விளிம்பைத் தொட்டது. இப்போது 'போதும்' என்று சொல்லவேண்டும். சொன்னால் ஏழு வருடக் கணக்கில் முதலில் வாய் திறந்தவர் இவர் என்று ஆகிவிடும். தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு சொட்டு கழுத்தில் விழுந்தது. இன்னொன்று காதுக்குள் போயிற்று. பிறகு சொட்டு தாரையாகி மோவாயில் இறங்கியது. நாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் அசையக்கூட இல்லை அவர்.

மேலே மச்சினன் புனலைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். இவ்வளவு குடிக்கிற கியர்பாக்ஸ் இல்லையே இது. குனிந்து பார்த்தால் அந்த இரண்டு கால்களும் மரக்கட்டை மாதிரிக் கிடந்தன. அக்கா என்று கூப்பிட்டான். அக்கா உள்ளே டாக்டருக்கு நீலச் சட்டையைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தாள். ஸ்டாண்டு இறங்கிவிட்டதோ, மனுஷன் நசுங்கிவிட்டாரோ என்று அவனுக்கு ஒரு கணம் உயிரே போயிற்று. பாட்டிலைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டான்.

"மாமா... மாமா, என்ன ஆச்சு? பேசுங்க மாமா."

குரல் உடைந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் தையல்காரருக்கு முதலில் தோன்றியது.  அடுத்த நொடியே கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணெய் பட்டதால் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். ஆனாலும் மனிதரின் குசும்பு போகவில்லை. இன்னும் ஒரு தடவை மாமா என்று கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். அவன் கூப்பிட்டான். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"போதும் மச்சான். காதெல்லாம் எண்ணெய்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். வாயில் வந்தபடி ஏசினான். ஏழு வருடத்துக்கும் சேர்த்து ஏசினான். தையல்காரர் சிரித்துக்கொண்டே போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தார். காரை இறக்கியதும் டீச்சர் வந்தாள். இருவரையும் ஒருமுறை பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் ஏறி, தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். முதல் கியர், இரண்டாவது கியர், கரகரப்பே இல்லாமல் தெருமுனை தாண்டிப் போயிற்று கார்.

இரண்டு பேரும் வெட்டுத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பேச்சு வந்துவிட்டதால் தையல்காரர் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டார்.

"எல்லாம் சரி மச்சான். இருந்தாலும் சொந்த அக்காகிட்ட நீ இவ்வளவு காசு வாங்கியிருக்க வேண்டாம்."

"காசா? அக்கா காரைத் தொட்டதுக்கு நான் என்னைக்கு மாமா காசு வாங்கினேன்?"

துடைத்துக்கொண்டிருந்த துணி தையல்காரர் கையிலேயே நின்றுவிட்டது. போன மாதம் பிரேக்குக்குக் கொடுத்தது, அதற்கு முன்னால் ரேடியேட்டருக்குக் கொடுத்தது, கிளட்ச்சுக்குக் கொடுத்தது எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு, சாமான் வாங்கிய காசைக்கூட நான்தானே போட்டேன் என்று நினைவு வந்து, அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

கார் திரும்பி வந்தபோது இருவரும் வாசலில் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் எஞ்சினை அணைத்தாள். இரண்டு முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவசரப்படாமல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏழு வருஷமா இவர் பேச்ச அவன்கிட்டயும், அவன் பேச்ச இவர்கிட்டயும் தூக்கிட்டு அலைஞ்சேனே," என்றாள். "அதுக்கு எனக்கு யாரு சம்பளம் குடுக்கிறதாம்?"