அவர்கள் விமானம், எங்கள் எண்

கோட்ஷேர் ஒப்பந்தம் பேசுகிறவனின் வேலை, தன் கம்பெனியிடம் இல்லாத விமானத்தில் தன் கம்பெனியின் பெயரில் இடம் விற்க அனுமதி வாங்குவது. கூடிப் பேசி, மறுபடி எப்போது கூடுவது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டு எழுந்திருக்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களே, கீழே வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆறுதலாக இருக்கலாம்.

போர்டு

என் அலுவலகம் பெங்களூரில். வாரத்தில் பாதி நாள் அரூரில், வீட்டு மாடியறையிலிருந்து வேலை. எங்கள் விமானம் பெங்களூரிலிருந்து ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்று வரை போகும். அங்கிருந்து வடக்கே இருக்கும் சிறிய ஊர்களுக்கு வேறொரு நாட்டுக் கம்பெனியின் விமானங்கள் போகின்றன. அந்த விமானங்களுக்கு அவர்களுடைய எண்ணோடு எங்கள் எண்ணையும் சேர்த்துவிட்டால், கடைசி ஊர் வரை நாங்களே ஒரே டிக்கெட்டாக விற்கலாம். பெங்களூரில் போட்ட பெட்டியும் கடைசி ஊரில்தான் வெளியே வரும்.

இதற்காக என்னைவிட ஆவலாகக் காத்திருந்தவர் கீழ் வீட்டு ராஜம்மாள் அக்கா. மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மகள் கவிதா டென்மார்க்கில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். மாசியில் முதல் பிரசவம். அக்கா போயே ஆக வேண்டும். ஆனால் விமானம் ஏறியதில்லை. தமிழும் தெலுங்கும் தவிர வேறு மொழி தெரியாது. "நடுவுல எறங்கி, பெட்டியத் தேடி எடுத்து, வேற எடத்துல போய்ப் போடறதெல்லாம் என்னால ஆகாதுங்க" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஒப்பந்தம் முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசியில் பேச்சு தொடங்கியபோது, கோட்ஷேர் என்றால் என்னவென்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப வண்டி அவங்களுது, போர்டு மட்டும் உங்களுதுங்களா? அதுக்கு ஏன் தம்பி இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க, நம்மூர்லகூடத்தான் அப்படி பஸ் ஓடுது."

சுறுசுறுப்பான இடம்

எதிர்த்தரப்பில் பேசியவர் கிறிஸ்டினா என்ற அம்மையார். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் சொல்வது பிடிக்காவிட்டால் "சுவாரசியமான யோசனை" என்பார். முதல் கூட்டத்திலேயே எங்களுடைய ஏழு யோசனைகள் அவருக்குச் சுவாரசியமாக இருந்தன.

விமான நிலையப் பலகையில் யாருடைய எண் மேலே வரவேண்டும் என்று ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நான் வாதத்தின் உச்சத்தில் இருந்தபோது, தெருவில் வெங்காய ஆட்டோ வந்து நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், திரும்பத் திரும்ப, அவசரமே இல்லாமல், எல்லோரையும் உடனே வரச் சொன்னது. ஜன்னலைச் சாத்தியும் குறையவில்லை. நான் அரூரில் இருப்பதை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர் இது. கிறிஸ்டினா அந்த அறிவிப்பு முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"உங்கள் விமான நிலையம் எங்களுடையதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. உங்கள் எண்ணே மேலே இருக்கட்டும்."

எங்கள் தரப்புக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். வெங்காயத்துக்கு நன்றி.

எடையா, எண்ணிக்கையா

எங்கள் கம்பெனி பெட்டியை எடை போடும். அவர்கள் கம்பெனி பெட்டியை எண்ணும். ஒரே டிக்கெட் என்றால் ஒரே விதி வேண்டும். கார்த்திகை முழுவதும் இதையே பேசினோம். கீழே ராஜம்மாள் அக்கா கேழ்வரகு மாவையும் பிரசவ லேகியத்தையும் ஒரு பெட்டியில் அடுக்குவார், மறுநாள் இரண்டாகப் பிரிப்பார், என்னைப் பார்த்ததும் "எப்படித்தான் கட்டட்டும்?" என்பார். "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்பேன். பெட்டிகள் கூடத்தை விட்டு நகரவில்லை.

மாதக் கடைசியில் என் மேலாளர் தாமோதரன் அழைத்தார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"எடையா எண்ணிக்கையாங்கறதைத் தனிக் குழு போட்டுப் பேசலாம்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. இவ்வளவு தூரம் வருவோம்னு நான் எதிர்பார்க்கலை."

பயணி என்ற தொல்லை

முதல் விமானம் தாமதமாகி, அடுத்ததைப் பயணி தவறவிட்டால் அவருக்குச் சோறும் படுக்கையும் யார் தருவது? இந்தக் கேள்வியில் மட்டும் இரண்டு கம்பெனிகளும் முதல் நாளிலிருந்தே ஒரே கருத்தில் இருந்தன: மற்றவர்தான் தர வேண்டும். வழக்கறிஞர்கள் வந்தார்கள். பயணி எந்த நொடியிலிருந்து யாருடைய பயணி என்று படம் வரைந்தார்கள். மார்கழி போய் தை பிறந்தது. அவர்களுடைய வழக்கறிஞர் கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"உண்மையைச் சொன்னால், பயணிகள் மட்டும் இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தத்தில் ஒரு குறையும் இல்லை."

சமாதானம்

தையில் ராஜம்மாள் அக்கா என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமல் பார்ப்பது அதைவிட மோசம். நான் மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கப் பழகினேன். அப்படி இறங்கிய ஒரு காலையில் அவருடைய கணவர் முனுசாமி அண்ணன் கேட்டருகே நின்றிருந்தார். தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"ரெண்டு கம்பெனிக்கும் உள்ள என்னதான் தகராறுங்க தம்பி? பொண்ணு கட்டிக் குடுத்த எடமா இருந்தா சொல்லுங்க, நாலு பேரு போய்ப் பேசி முடிச்சுட்டு வந்தர்றோம்."

சக்கர நாற்காலி

மாசி பிறக்கும் முன்பே கவிதாவிடமிருந்து போன் வந்தது. பிரசவம் முந்தலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனிமேல் எங்களுக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டு கம்பெனியிலும் தனித்தனியாக டிக்கெட் போட்டார்கள். பெட்டியை மாற்றுவது யார்? மருமகன் ஒரு வழி கண்டுபிடித்தார்: அக்காவுக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிட்டார். நாற்காலியைத் தள்ளுகிறவர் பெட்டியை எடுத்து அடுத்த இடத்தில் சேர்த்து, விமான வாசல் வரை கொண்டுபோய் விடுவார். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பாதிப்பேர் இப்படித்தான் போகிறார்களாம்.

அக்கா கொதித்துப் போனார். "நேத்து சாயந்தரம் வரைக்கும் மஞ்சக்காட்டுல நின்னவ நானு. காலு வெளங்காதவளாட்டம் உக்காரச் சொல்றீங்களா?" முனுசாமி அண்ணன் அசரவில்லை. "உக்காரு. இங்க எவன் உன்னை உக்கார வெச்சான்?" அக்கா பெட்டியைப் பூட்டினார்.

போய்ச் சேர்ந்தார். பெட்டியும் சேர்ந்தது. அந்த வாரமே பெண் குழந்தை. வீடியோவில் குழந்தையைக் காட்டியபோது அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு. நான்தான் குற்றவாளிபோல, "அந்த ஒப்பந்தம் இன்னும் முடியலைங்க அக்கா" என்று இழுத்தேன்.

"நீங்க அவசரப்படாதீங்க தம்பி. நான் திரும்பி வர்றதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குதுங்க."

எங்கள் தொழிலில் மூன்று மாதம் என்பது எல்லோருக்கும் வசதியான ஒரு நாளைத் தேடுவதற்கே பற்றாது என்பதை, பேத்தியைக் கையில் வைத்திருந்தவரிடம் நான் சொல்லவில்லை.