பதினாலாம் மேஜை, மூன்றாம் இருக்கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நடந்தது இது. கார் உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி. நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன் என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பஸ் நேரம், சீருடை அளவு, குழாய் ஒழுகுவது என்று யாருக்கும் வேண்டாத வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அதில் ஒன்று கேன்டீன்.

எங்கள் கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிரிவுக்கு அரை மணி நேரம். கை கழுவி, வரிசையில் நின்று, தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் உட்கார இடம் இருக்காது. ஒருவர் வந்து நாலு இருக்கையில் தொப்பி, கைக்குட்டை எல்லாம் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார். கையில் சாம்பார் தளும்பத் தளும்ப மற்றவர்கள் அலைவார்கள். வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். பஞ்சாயத்து என்னிடம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பதினைந்தாவது திருமண நாளுக்கு என் கணவர் சென்னைத் துறைமுகத்தில் கிளம்பும் சொகுசுக் கப்பலில் இரண்டு நாள் பயணம் பதிவு செய்தார். பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி இருந்ததாம்: இரவுச் சாப்பாட்டுக்கு உங்களுக்கென்று ஒரே மேஜை, ஒரே நேரம் வேண்டுமா, இல்லை விருப்பப்பட்ட நேரத்தில் வந்து இடம் இருக்கிற மேஜையில் உட்காருகிறீர்களா? என் கணவர் சுதந்திர விரும்பி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். முதல் நாள் நாங்கள் போன நேரம் பார்த்துக் கப்பலே சாப்பாட்டு அறையில் திரண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பதுபோல இருந்தது எனக்கு. மறுநாள் நானே போய்ப் பேசி எங்களுக்கென்று ஒரு மேஜையை வாங்கினேன். எண் போட்ட மேஜை, ஜன்னலோரம். பரிமாறியவர் சூப் கொண்டு வரும்போதே என் பெயரைச் சொன்னார். எனக்குக் காளான் ஆகாது என்று சொன்னதும், அதற்குப் பிறகு வந்த எதிலும் காளான் இல்லை. ராணி மாதிரி சாப்பிட்டேன்.

கப்பலை விட்டு இறங்கும்போதே என் மண்டைக்குள் கேன்டீன் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். எல்லா மேஜைக்கும் எண், எல்லா இருக்கைக்கும் எண். எந்தத் தொழிலாளி எந்த மேஜையில் எந்த இருக்கை என்று அடையாள அட்டை எண்ணோடு ஒரு பெரிய தாள். ஒரே பிரிவுக்காரர்களே சேர்ந்து உட்கார்ந்தால் கும்பலாகிவிடும் என்று எல்லாப் பிரிவையும் கலந்து போட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு ரொம்ப மெச்சினார். முதல் வாரம் நானே அட்டையும் பேனாவுமாகக் கேன்டீனில் சுற்றி வந்தேன். இடம் பிடிப்பது போயிற்று, சண்டை போயிற்று. எனக்குக் கால் தரையில் இல்லை.

ஒரே ஓர் இடம் மட்டும் கண்ணை உறுத்தியது. பதினாலாம் மேஜை, மூன்றாம் இருக்கை. முதல் இரண்டு நாள் ஆள் இருந்தார். அதன் பிறகு தினமும் காலி. பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டும் வேலையில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி அவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். எட்டு மாதம் முன்பு சேர்ந்தவர். அவருடைய மேற்பார்வையாளரைக் கேட்டால், வயிற்று வலி என்கிறார் மேடம் என்றார். ஒரு வாரமாகவா வயிற்று வலி? ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்துக் குழாயில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நழுவிவிட்டார். சரிதான், என் ஏற்பாடு பிடிக்காமல் வீம்பு பண்ணுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு மெமோ அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது மெமோ அனுப்பினேன். மூன்றாவது போனால் ஒப்பந்தக்காரர் அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளை அனுப்புவார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டாவது மெமோ போன மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ஓர் அதிகாரி முன்னால் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு ஏற்கெனவே சுர்ரென்று கோபம் ஏறியது. அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். இடது கையால்.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் இடது கையால் ஒரு டம்ளரை நீட்டினாலே அடி விழும். அந்த வளர்ப்பு எல்லாம் ஒன்று சேர்ந்து வாயில் வந்துவிட்டது. "ஒருத்தருக்கு லெட்டர் குடுக்கிற லட்சணமா இது? இடது கையால நீட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நாலும் அடியோடு இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று முகத்தைத் திருப்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே ஓடவில்லை. கறுப்புத் திரை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒரு நொடிக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சாரி என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. அவரோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, புதிதாகப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள், பரவாயில்லை என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தபோது தகடு அழுத்தும் பவர் பிரஸ்ஸில் போன விரல்கள். பல வருடம் ஆகிறது. எங்கள் இடத்தில் எல்லோருக்கும் கையுறை உண்டு. அவர் வலது கையுறையின் விரல்களில் பஞ்சு அடைத்து மாட்டிக்கொள்வார். இடது கையால் வேகமாக லேபிள் ஒட்டுவார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே தெரியாது. கையுறையைக் கழற்றியாக வேண்டிய ஒரே இடம் கேன்டீன்.

"மொத நாளு எதிர்ல உக்காந்த தம்பி எடது கையில துன்றத பார்த்துட்டு தட்ட அந்தாண்ட நகத்திக்கினாரு மேடம்," என்றார். "ரெண்டாவது நாளு கைய பார்த்துட்டாரு. பாதியில எந்திரிச்சிப் போயிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல. அவங்க ஊட்டுல அப்படி சொல்லிக் குடுத்துகிறாங்க. எனக்குதான் சோறு எறங்கல."

ஸ்பூனில் சாப்பிடலாமே என்றேன், ஏதோ பெரிய யோசனை சொல்கிறவள் மாதிரி. லேசாகச் சிரித்தார்.

"ஸ்பூன வெச்சாக்கா, இன்னா தொரை வந்துட்டாருன்னு எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க மேடம். அப்புறம் கையதான் பார்ப்பாங்க."

விடியற்காலையில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து வருகிற மனிதர், ஒரு வாரத்துக்கு மேலாகச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டிருக்கிறார். நாங்களே நீக்கினால் அடுத்த இடத்தில் வேலை கிடைக்காது என்று பயந்து, வேலையை விடுகிறேன் என்று தானாகவே எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார். பட்டியலை மாற்றுகிறேன், நாளைக்கு வேலைக்கு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் போனதும் அலமாரியைத் திறந்து அவருடைய கோப்பை எடுத்தேன். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாளில், வலது கையில் நான்கு விரல்கள் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. எட்டு மாதம் முன்பு படிக்காமலே போட்டிருக்கிறேன்.

கேன்டீனில் பரிமாறும் அக்காவிடம் போனேன். அவரும் அதே பஸ்ஸில் வருகிறவர். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. முன்பெல்லாம் அந்த அண்ணன் கடைசி ஆளாக வந்து, தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். இடது கையால் பிசைய வசதியாக, அவருக்கென்று இந்த அக்கா குழைந்த சோறாகப் பார்த்து எடுத்து வைப்பாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க அட்டைய கையில வெச்சிக்கினு சுத்திக்கினு இருந்தீங்க மேடம்," என்றார், கரண்டியைக் கீழே வைக்காமலே. "உங்ககிட்ட யாரு வந்து இன்னான்னு சொல்றது?"

அன்று சாயங்காலமே அந்த இருக்கைப் பட்டியலை நானே கிழித்தேன். மறுநாள் காலையில் பஸ்ஸைச் சோதிப்பதுபோல் கேட்டில் போய் நின்றேன். ஊத்துக்கோட்டை பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். அவர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எத்தனையோ பேர் வேலையை விட்டுப் போவதைப் பார்த்தவள் நான். அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதைக்கூட விடுங்கள், ஒரு மனிதனைப் பசியோடு குழாயடியில் நிற்க வைத்துவிட்டு அவருக்கே மெமோ கொடுத்தேனே என்பதுதான் அறுத்துக்கொண்டிருந்தது. அந்த அக்காவிடம் சொல்லி அனுப்பினேன், பட்டியல் இல்லை, கடிதமும் என் மேஜையிலேயே கிடக்கிறது, யாருக்கும் போகவில்லை என்று.

மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக இறங்கினார். என்னைப் பார்த்து இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் பட்டியல் போனதும் பழையபடி தொப்பியும் கைக்குட்டையும் வந்துவிட்டன. அப்போதுதான் புத்தி வந்தது. கப்பலில் எங்களை முதலில் கேட்டார்கள். பிடிக்கவில்லை என்று சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். நான் மேஜை எண்ணை மட்டும் காப்பி அடித்தேன், கேட்பதை விட்டுவிட்டேன். அதனால் இந்த முறை எங்கே உட்கார விருப்பம் என்று எழுதுங்கள், பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்தேன். வந்த பதில் என்னை ஆச்சரியப்படுத்தியது. பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளிப் பிரிவில் இருக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர், எங்களுக்கு எங்கள் இடம் நிரந்தரமாக வேண்டும், அலைய முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஆண்களில் பலர் எங்கே வேண்டுமானாலும் உட்காருவோம் என்றார்கள். ஒரு தாளில், கோணல் மாணலான எழுத்தில், "தூண் பக்கம்" என்று இரண்டே வார்த்தை. ஜன்னல் பக்க மேஜைகளுக்கு எண் போட்டோம். மற்றவை பொது. தூண் பக்க இருக்கையில் யாரும் தொப்பி போடக் கூடாது என்று மட்டும் அக்காவிடம் சொல்லி வைத்தேன். என்னைவிட அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அதிகாரிகளுக்குத் தனி அறை உண்டு. ஒரு நாள் அங்கே போகாமல் தட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தூண் பக்கம் போனேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம். உட்காரலாமா என்று கேட்டேன். வாயில் இருந்த கவளத்தை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க இங்க உக்காந்தா எல்லாரும் இங்கதான் பார்ப்பாங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் அவர் அடிக்கவில்லை. மறுபடியும் நான் என் இஷ்டத்துக்கு ஓர் இடத்தை முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு, அசெம்பிளிப் பெண்கள் மேஜையில் போய், கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு என் ரசத்தைப் பார்த்து, உங்களுக்கும் வெறும் தெளிவுதானா என்று கிண்டல் செய்தார்கள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேன்டீனிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். அவர் தூண் பக்கம், நான் வேறு எங்காவது. வணக்கத்தோடு சரி.

நாலைந்து மாதம் போயிருக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம், சர்க்கரைப் பொங்கல் போட்ட நாள். பொது மேஜை ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தால் அவர். தூண் பக்க இருக்கை காலியாகத்தான் இருந்தது. கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். வலது கையை மடியில் ஒளிக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். இந்த முறை நான் எங்கேயும் திரும்பவில்லை.

"இன்னிக்கு முந்திரி நல்லாவே போட்டுகிறாங்க மேடம்," என்றார்.

"ஆமாண்ணா," என்றேன். நானும் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இருவரும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தோம்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலையில்தான் இன்னமும் இருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் தானாக மனசு வந்து என் எதிரே தட்டை வைத்த அந்த ஒரு மதியத்தைத்தான் என் இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த மன்னிப்பாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.